கடைமடை, நீங்க என்ன செய்யப் போறீங்க?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு மேஜையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மேஜை மேல சார்ட் பேப்பர்ல வரைஞ்ச காவிரி. சுத்தி அஞ்சு பேர். நான் கேம் மாஸ்டர். வரிசையாக் கேட்டுக்கிட்டு வர்றேன்.

"தலைமடை, நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"மதகைத் திறந்து எட்டு சோழி எடுத்துக்கிறேன்."

"நடுமடை?"

"அஞ்சு சோழி. கதிர் வர்ற நேரம்."

"கடைமடை?"

அந்தத் தம்பி போர்டைப் பார்த்தான். அவன் கட்டத்துக்கு முன்னாடி வாய்க்கால் காலி. "நான் என்னக்கா செய்யறது? பாஸ்."

அடுத்த சுற்றிலும் பாஸ். மூணாவது சுற்றில் அவன் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பிச்சுட்டான்.

கேம் டிசைன் பத்திக் கொஞ்சம் படிச்சவங்களுக்கு இது என்ன வியாதின்னு உடனே புரியும். ஒருத்தருக்கு முடிவெடுக்க எதுவுமே இல்லைன்னா, தப்பு ஆட்டத்து மேல. விதியைத் திருத்தணும். ஆனா எனக்கு அங்க ஒரு சிக்கல் இருந்தது. எங்க அப்பா பேராவூரணிப் பக்கம் கடைமடை விவசாயி. ஒன்பது மா நிலம், அதாவது மூணு ஏக்கர். அவரும் பல வருஷம் குறுவைக்குப் பாஸ்தான் சொல்லியிருக்காரு. அப்போ என் ஆட்டம் தப்பா இருக்கா, இல்ல சரியா இருக்கா?

இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்வியைப் பத்தித்தான்.

டாவர்ன் இல்லாத ஊர்

முதல்ல, நான் எப்படி இதுக்குள்ள வந்தேன்னு சொல்லிடறேன். சென்னையில் ஐடி வேலை. அப்பார்ட்மென்ட்ல நாலஞ்சு பேர் சேர்ந்து வாரக் கடைசியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவோம். இருபது பக்க டைஸ், கேரக்டர் ஷீட், விடிய விடிய கதை. 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட ஆட்டம் அது. இப்போ உலகம் முழுக்க ஆடற ரோல்-பிளேயிங் ஆட்டங்களுக்கெல்லாம் அதுதான் தாய்.

அப்புறம் வீட்டிலிருந்தே வேலைன்னு ஆனதும் தஞ்சாவூருக்கு வந்துட்டேன். இங்க காலேஜ் பசங்களைக் கூட்டி முதல் தடவை நடத்தினப்ப, வழக்கம்போல "நீங்க எல்லாரும் ஒரு டாவர்ன்ல சந்திக்கிறீங்க"ன்னு ஆரம்பிச்சேன். ஒரு பொண்ணு ரொம்ப சீரியஸாக் கேட்டாங்க: "டாவர்ன்னா டாஸ்மாக்காக்கா?"

சிரிச்சு முடிச்சதும் யோசிச்சேன். வழிப்போக்கர்கள் வந்து தங்குற, சாப்பிடுற, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிற இடம் எங்க ஊர்லயே இருக்கே! ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டின முக்தாம்பாள் சத்திரம் இன்னமும் நிக்குது. அன்னையிலிருந்து என் கதைகள் எல்லாம் சத்திரத்துத் திண்ணையில்தான் ஆரம்பிக்கும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. தலைவாழை இலை போட்டதும் எல்லாரும் உள்ளே வந்துடுவாங்க.

அப்போதான் அடுத்த எண்ணம் வந்தது. சத்திரம் இங்க இருக்குன்னா, டிராகனும் இங்கேயே இருக்கணுமே. இந்த ஊர்ல எல்லாரும் வருஷா வருஷம் எதுக்குப் பயப்படறாங்க? தண்ணி வருமா வராதான்னு. அப்படித்தான் காவிரியை ஒரு ஆட்டமா செய்யலாம்னு இறங்கினேன். பெயர் "கடைமடை".

வாய்க்கால்ல தண்ணி முதலில் எட்டுற வயல் தலைமடை, கடைசியில் எட்டுற வயல் கடைமடை. டெல்டாக்காரங்களுக்கு இது தெரியும். மத்தவங்களுக்காகச் சொன்னேன்.

புளியங்கொட்டைக் கணக்கு

ஆட்டத்தின் கணக்கை இப்போ சொல்றேன். போன்ல கால்குலேட்டரைத் திறந்து வச்சுக்கோங்க. எனக்கு டெல்டா புரிஞ்சதே இந்தக் கணக்குப் போட்டப்புறம்தான்.

மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. கொள்ளளவு 93.47 டிஎம்சி. டிஎம்சின்னா நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஏறக்குறைய பதினோராயிரத்து ஐந்நூறு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டா அது ஒரு டிஎம்சி. அதனால ஒரு புளியங்கொட்டை, ஒரு டிஎம்சி. அணை நிறைஞ்சிருந்தா டப்பாவில் 93 கொட்டை.

வழக்கமா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடணும். கிட்டத்தட்ட 230 நாள். ஆட்டத்தில் பத்து நாளுக்கு ஒரு சுற்று, ஆக 23 சுற்று. தினமும் ஒரு கொட்டை செலவுன்னு வைங்க. 93 கொட்டை எத்தனை நாள் வரும்? செப்டம்பர் நடுவில் டப்பா காலி! குறுவை அறுவடை நடக்கிற நேரம். சம்பா அப்போதான் இளம்பயிரா நிக்கும், சில இடத்தில் நடவே முடிஞ்சிருக்காது. முழு அணையோட ஆரம்பிச்சாலே இதுதான் நிலைமை. மேல இருந்து புதுத் தண்ணி வரலைன்னா, வடகிழக்கு மழையும் ஏமாத்துச்சுன்னா, சம்பா அவ்வளவுதான்.

மேல இருந்து எவ்வளவு வரணும்? 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் ஒரு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி. மாசவாரிக் கணக்கும் உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. என் ஆட்டத்தில் இந்த எண்களை முழு எண்ணா மாத்தி எழுதியிருக்கேன். தாயக்கட்டையை உருட்டினா நல்ல மழையா, சுமாரா, பொய்த்துப் போச்சான்னு முடிவாகும்.

அடுத்தது நேரம். மேட்டூரில் திறந்த தண்ணி கல்லணைக்கு வந்து சேர மூணு நாலு நாள் ஆகும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரியும். மிஞ்சினது கொள்ளிடத்தில் போகும். நாங்க ஆடறது கல்லணைக் கால்வாய்ல. 1934-ல் மேட்டூர்த் திட்டத்தோட வந்த கால்வாய், நீளம் சுமார் 148 கிலோமீட்டர். அதன் பங்குக்கு வர்ற ஒவ்வொரு புளியங்கொட்டையும் பத்து சோழியா மாறும், சில்லறை மாத்தற மாதிரி. தலைமடைக்கு அதே சுற்றில் சோழி வந்துடும். கடைமடைக்கு அடுத்த சுற்றில்தான். பேராவூரணியில் இன்னைக்கு வர்ற தண்ணி, எப்பவோ யாரோ திறந்துவிட்ட தண்ணி.

ஆட்டக்காரங்க அஞ்சு பேர்: மேட்டூர் அதிகாரி, ஷட்டரை ஏத்தி இறக்குற லஸ்கர், தலைமடை, நடுமடை, கடைமடை. நாத்தங்கால், நடவு, தூர் கட்டுறது, பால் பிடிக்கிறதுன்னு ஒவ்வொரு பருவத்துக்கும் இத்தனை சோழி வேணும்னு ஒரு அட்டை. போதலைன்னா பயிர் ஒரு படி கீழே இறங்கும்.

வில்லன் இருந்தா ஆட்டம் படுத்துடும்

முதல் வடிவத்தில் ஆறாவதா ஒருத்தர் இருந்தார். மேல் மாநிலம். அவர்தான் வில்லன். அவர் எவ்வளவு விடணும்னு அவரே முடிவு பண்ணுவார்.

நாலு தடவை ஆடிப் பார்த்தேன். நாலு தடவையும் ஒரே கதை. அஞ்சு பேரும் ஒண்ணு சேர்ந்து அந்த ஒருத்தரைத் திட்டுவாங்க. ஜாலியாத்தான் இருந்தது. ஆனா வந்த கொஞ்ச தண்ணியைத் தங்களுக்குள்ள எப்படிப் பிரிச்சுக்கிட்டோம்னு ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கலை. தலைமடை நிரம்பி வழியும், கடைமடை காயும், கோபம் மட்டும் மேல போயிடும்.

அந்த நாற்காலியை எடுத்துட்டுத் தாயக்கட்டையை வச்சேன். மாநிலங்களுக்கு இடையிலான பங்கு சின்ன விஷயம்னு நான் சொல்லலை. அது நீதிமன்றத்தில் பேச வேண்டியது, பேசியும் இருக்காங்க. மேஜையில் என்ன ஆச்சுன்னா, திட்டறதுக்கு வெளியே ஆள் இல்லாமப் போனதும் எல்லாரும் பக்கத்துல இருக்கிறவரோட மதகைப் பார்க்க ஆரம்பிச்சாங்க.

இது எனக்கு முன்னாடியே வேற ஒருத்தர் கண்டுபிடிச்சதுதான். இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்து புரூஸ் லாங்க்ஃபோர்டு, தான்சானியாவின் உசாங்கு சமவெளியில் வேலை பார்த்த அனுபவத்தில் "ரிவர் பேசின் கேம்"னு ஒண்ணு செஞ்சார். சாய்வான மரப்பலகை, அதில் ஆறு. மேல இருந்து கண்ணாடிக் கோலிகளை உருட்டி விடுவாங்க. ஆட்டக்காரங்க சின்னக் குச்சியை வச்சுத் தன் வாய்க்காலுக்குக் கோலியைத் திருப்பணும். மேல இருக்கிறவர் ஒரு குச்சியை வச்சா கீழே கோலியே வராது. விவசாயிகளே உட்கார்ந்து ஆடி, அப்புறம் பேச ஆரம்பிப்பாங்க. நம்ம பக்கத்து மாநிலம் ஆந்திராவிலும் நிலத்தடி நீரை வச்சு, யார் எந்தப் பயிர் போடறதுன்னு கிராமங்களில் ஆட்டம் நடத்திப் பார்த்திருக்காங்க.

சமமில்லாத ஆட்டம் நமக்குப் புதுசும் இல்ல. ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கோங்க. மூணு புலி, பதினஞ்சு ஆடு. புலி தாண்டி வெட்டலாம், ஆட்டால அது முடியாது. ஆனா ஒவ்வொரு முறையும் ஆட்டுக்காரருக்குச் செய்ய ஏதோ ஒரு வேலை இருக்கும்: எங்க வைக்கலாம், எங்க அடைக்கலாம். பலம் கம்மி. முடிவு கம்மியில்ல. என் கடைமடைத் தம்பிக்கு இல்லாமப் போனது அதுதான்.

நிஜம்னு நம்ப மறுத்த கார்டு

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிகழ்வு கார்டு எடுக்கணும். இதில் ஒரு விதி வச்சுக்கிட்டேன். கற்பனை கார்டு ஒண்ணுகூடக் கிடையாது, எல்லாம் டெல்டாவில் நடந்தது.

2022: அணை மே 24-லேயே திறக்குது, எல்லாரும் ரெண்டு சுற்று முன்னாடியே ஆரம்பிக்கலாம். 2023: ஜூன் 12 சரியாத் திறந்தாச்சு, நம்பி நட்டாச்சு, பாதியில் தண்ணி இல்லை. 2018 நவம்பர் 16: கஜா புயல், பட்டுக்கோட்டை பேராவூரணிப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ஞ்சு கிடக்கு.

இதில் மேஜையில் சண்டையைக் கிளப்புற கார்டு, 2018 ஆகஸ்ட். அந்த ஜூலையில் மேட்டூர் 120 அடி நிரம்பிடுச்சு. கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடுது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகு உடைஞ்சு போச்சு. தண்ணி கடலுக்குப் போயிட்டிருக்கிற அதே நாட்கள்ல, கடைமடையில் எங்களுக்கு இன்னும் வந்து சேரலைன்னு விவசாயிகள் சொல்லிட்டிருந்தாங்க. சென்னையிலிருந்து வந்த ஒரு பையன் கார்டைப் படிச்சுட்டு, "அக்கா, இது ஓவர். வெள்ளமும் வறட்சியும் ஒரே கார்டிலா? பேலன்ஸ் பண்ணுங்க"ன்னான். தேதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்துட்டு அமைதியாயிட்டான்.

ஆனா "நடந்தது எல்லாம் கார்டு"ங்கிற விதிதான் என்னை மோசமான ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டது.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 2017 ஜனவரி 10-ல் தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசு அறிவிச்சது. டெல்டாவில் விவசாயிகள் இறந்த செய்தி தினமும் வந்த நாட்கள் அது. அதையும் ஒரு கார்டா எழுதினேன். "கடன் தாங்கலை. இந்த ஆட்டக்காரர் ஆட்டத்தை விட்டு வெளியேறுகிறார்." எழுதினப்ப தைரியமா எழுதியிருக்கோம்னு ஒரு திருப்தி வேற.

ஒரு சனிக்கிழமை, கடைமடையில் உட்கார்ந்திருந்த பொண்ணு கையில் அந்தக் கார்டு வந்தது. படிச்சாங்க. கவிழ்த்து வச்சாங்க. பையை எடுத்துக்கிட்டு ஒண்ணும் சொல்லாமக் கிளம்பிட்டாங்க. ராத்திரி மெசேஜ் வந்தது. "அக்கா, கோவமில்ல. எங்க பெரியப்பா அந்த வருஷம்தான். எங்க வீட்ல அதுக்கப்புறம் யாரும் வெளியேறலக்கா. நாங்க எல்லாம் இன்னும் ஆட்டத்துலதான் இருக்கோம்."

அந்த மெசேஜை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு தெரியலை. மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அந்தக் கார்டைக் கிழிச்சுப் போட்டேன்.

இதில் ரெண்டு பாடம். முதலாவது, ஆட்டம் நடத்துற எல்லாருக்கும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ்னு ஒரு அமெரிக்கர் "எக்ஸ் கார்டு"ன்னு ஒரு எளிய வழியைப் பரப்பினார். மேஜை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு சீட்டு. கதையில் ஏதாவது தாங்கலைன்னா யார் வேணா அதைத் தொடலாம். காரணம் கேட்கக் கூடாது, கதையை வேற பக்கம் திருப்பணும், அவ்வளவுதான். எனக்கு அது ஏற்கெனவே தெரியும். காலேஜ் பசங்கதானே, இதெல்லாம் எதுக்குன்னு விட்டிருந்தேன். இப்போ எக்ஸ் கார்டு இல்லாம நான் மேஜையே போடறதில்லை.

ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். அந்தப் பொண்ணு சொன்னது, அவங்களுக்கே தெரியாம, கச்சிதமான டிசைன் விமர்சனம். நான் கடைமடையை ஒண்ணு சும்மா உட்கார வச்சேன், இல்ல வெளியே அனுப்பினேன். இது ரெண்டையும் தவிர அவங்களுக்கு நான் எதுவுமே எழுதலை.

அப்பாயியின் கஞ்சி

விடை வீட்டிலேயே கிடந்தது. ஆட்டத்துக்கு நான் எடுத்த புளியங்கொட்டையும் சோழியும் எங்க அப்பாயியோட பல்லாங்குழிப் பெட்டியில் இருந்தது.

பல்லாங்குழியில் ஆளுக்கு ஏழு குழி. ஒரு குழியில் எடுத்து ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே போகணும், நாலு சேர்ந்தா பசு, எடுத்துக்கலாம். ஒரு ஆட்டம் முடிஞ்சதும் அவங்கவங்க ஜெயிச்ச காயை வச்சு அவங்கவங்க குழியை நிரப்பணும். தோத்தவங்களுக்குக் காய் பத்தாது, சில குழி காலியாவே கிடக்கும். இன்னும் தோத்து, கையில் நாலஞ்சு காய்தான் இருக்குன்னா? எங்க அப்பாயி ஆடின முறையில், அவங்களை வெளியே அனுப்ப மாட்டாங்க. குழிக்கு ஒரு காயா வச்சு ஆடலாம், எதிராளியும் அதுக்கு ஏத்த மாதிரி குழிக்கு ஒண்ணு வைக்கணும். அதுக்குக் கஞ்சி காய்ச்சுறதுன்னு பேர். கஞ்சி காய்ச்சி ஆடி மறுபடி ஏழு குழியையும் மீட்டவங்களை நான் என் கண்ணால பார்த்திருக்கேன். மீட்டது பெரும்பாலும் அப்பாயிதான்.

அதை அப்படியே எடுத்துக்கிட்டேன். இப்போ "கடைமடை"யில் யாரும் வெளியேற முடியாது. கைக்கு ஒண்ணுமே வராத ஆட்டக்காரருக்கு ஒரு கஞ்சிச் சோழி. அதை வச்சு அவர் மூணில் ஒண்ணைச் செய்யலாம்.

ஒண்ணு, நாத்து விடாம நேரடி விதைப்பு. மழையை நம்பி உருட்டணும். ரெண்டு, ஊரை விட்டுத் திருப்பூர் போய் ரெண்டு சுற்று சம்பாதிச்சுட்டுத் திரும்பறது. மூணு, "மதகுக்குப் போறேன்"னு சொல்றது. சொன்னா மேஜையில் யார்கிட்ட வேணா மூணு நிமிஷம் பேசலாம். இதுக்கு டைஸ் கிடையாது. கெஞ்சலாம், சண்டை போடலாம், பேரம் பேசலாம், அடுத்த வருஷம் தர்றேன்னு வாக்குக் கொடுக்கலாம். எதிராளி கேட்டே ஆகணும், கொடுத்தே ஆகணும்னு இல்ல.

இது வந்தப்புறம்தான் போர்டு கேமா இருந்தது ரோல்-பிளேயிங் ஆச்சு. ரீல்ஸ் பார்த்த அதே தம்பி திரும்ப வந்து ஆடினான். மூணு நிமிஷத்தில் ரெண்டு நிமிஷம் லஸ்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சாப்டீங்களாண்ணே? டூட்டி எப்ப முடியும்?"னு பேசிக்கிட்டே இருந்தான். தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் லஸ்கரே, "சரி, ராத்திரி ஷட்டரை அரை அடி ஏத்தி வைக்கிறேன், யார்கிட்டயும் சொல்லாதே"ன்னார். எல்லார் முன்னாடியும்தான் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சப்ப நாகப்பட்டினத்துப் பொண்ணு ஒருத்தங்க கேட்டாங்க: "நிலமே இல்லாதவங்க எங்கக்கா?" கடைசி ஆள் கடைமடைன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அவங்களுக்குப் பின்னாடியும் ஒருத்தர் வரப்பில் நிக்கிறாங்க. நடவு நடந்தாதான் அவங்களுக்குக் கூலி, கருகின பயிருக்கு வர்ற நிவாரணமும் அவங்க பேர்ல வராது. அப்படித்தான் ஆறாவது நாற்காலி திரும்ப வந்தது, விவசாயத் தொழிலாளியா. அவங்க இல்லாம யாரும் நட முடியாது, கூலி எவ்வளவுன்னு முதல்ல பேசி முடிக்கணும். கூலி கேட்ட போராட்டத்தோட முடிவில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரை எரிச்சுக் கொன்ன மண் இது. அதை நான் கார்டா எழுத மாட்டேன். ஆனா அந்த நாற்காலி இல்லாம இனிமே இந்த ஆட்டத்தை நடத்தவும் மாட்டேன்.

அப்பா தலைமடை ஆனார்

கடைசியா ஒரு நாள் நடந்ததைச் சொல்லி முடிச்சுக்கிறேன்.

போன பொங்கல் லீவில் ஆட்டத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். தஞ்சாவூர்ப் பசங்க மூணு பேர், எங்க தெருவில் ரெண்டு பேர், அப்புறம் அப்பா. பெட்டியைப் பார்த்துட்டு, "என்ன ஆயி, வெளையாட்டுக்கு இம்புட்டுக் கொட்டையா"ன்னாரு. சீட்டுக் குலுக்கினதில் அவருக்குத் தலைமடை வந்தது.

நாலாவது சுற்றில் தாயக்கட்டை மோசமா விழுந்தது. கால்வாயில் பத்தே சோழி. அப்பா யோசிக்கவே இல்லை, எட்டை எடுத்துக்கிட்டார். கடைமடையில் இருந்தது பத்தொன்பது வயசுப் பொண்ணு. "மதகுக்குப் போறேன்"னு எழுந்து வந்து அப்பா முன்னாடி நின்னாங்க. "பெரியப்பா, நாத்து கருகுது. ஒரு ரெண்டு விடுங்க."

அப்பா சொன்னார்: "ரெண்டு நாள் பொறு தாயி. என்னுது பால் பிடிக்கிற நேரம். இது முடியட்டும், விட்டுடறேன்."

சொல்லி முடிச்சதும் அவர் முகம் மாறினதைப் பார்த்தேன். எங்க வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆன வாக்கியம் அது. மேல இருக்கிறவங்ககிட்ட அப்பா சைக்கிள்ல போய்ப் பேசிட்டு வந்து அம்மாகிட்ட சொல்வார்: "ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றாங்க." நாற்பது வருஷமா கேட்டதை அவர் வாயே சொல்லிடுச்சு.

அவர் மனசு மாறி மதகைத் திறந்தார்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். திறக்கலை. மூணு நிமிஷம் முடிஞ்சது, அந்தப் பொண்ணு கஞ்சிச் சோழியோட போய் உட்கார்ந்தாங்க. ஆட்டம் முடிஞ்சப்ப அப்பாவுக்கு முழு விளைச்சல்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தப்ப அவரே ஆரம்பிச்சார். "அவங்கல்லாம் திமிர்ல பண்றாங்கன்னு நெனச்சேன் ஆயி. பயம்தான் போல. எட்டு கையில இருக்கறப்பவும் எனக்குப் பத்தாதுன்னுதான் தோணுச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா ஒண்ணு. நெசத்துல கஞ்சி யாரும் ஊத்தலையே. அதை மட்டும் பொய்யா வெச்சிருக்கியே"ன்னார்.

எனக்குப் பதில் வரலை. "எடுத்துடவாப்பா?"ன்னு கேட்டேன்.

"வேணாம். இருக்கட்டும். அது இருக்கங்காட்டிதானே அந்தப் புள்ள எழுந்து வந்து கேட்டுச்சு."

நான் இப்போ அங்கதான் நிக்கிறேன். என் ஆட்டத்தில் மேட்டூர்க் கணக்கு நிஜம், தேதிகள் நிஜம், கார்டுகள் நிஜம். கஞ்சி விதி மட்டும் நிஜம் இல்ல. ஆனா அந்த விதி இல்லைன்னா கடைசி நாற்காலியில் இருக்கிறவர் வாயைத் திறக்கவே மாட்டார், தலைமடையில் இருக்கிறவருக்கும் தன்னோட குரல் கேட்காது.

நீங்களும் ஒண்ணு செய்யணும்னா

ஆட்டம் செய்ய ஆசைப்படறவங்களுக்கு மூணே விஷயம். உங்க ஊர்ல எல்லாரும் எதைப் பத்திப் புலம்பறாங்களோ அதை எடுத்துக்கோங்க: மீன்பிடித் தடைக்காலம், சாயப்பட்டறைத் தண்ணி, ஷேர் ஆட்டோ ரூட், எதுவானாலும் சரி. டிராகனைத் தேடி வெளியூர் போக வேண்டாம்.

போர்டை அச்சடிக்க அவசரப்படாதீங்க. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, வீட்டில் இருக்கிற கொட்டை போதும். ஒவ்வொரு தடவை ஆடும்போதும் யார் போனை எடுக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. அந்த நாற்காலியில்தான் உங்க ஆட்டம் உடைஞ்சிருக்கு.

ஆட்டம் முடிஞ்சதும் உடனே எழுந்துடாதீங்க. ஒரு பத்து நிமிஷம், டீயோட. "யார் ஜெயிச்சா"ன்னு கேட்காம, "எந்த இடத்தில் உங்களுக்கே உங்களைப் பிடிக்கலை"ன்னு கேளுங்க. என் மேஜையில் நல்ல பேச்சு எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நடந்திருக்கு.

அந்தச் சனிக்கிழமை எழுந்து போன பொண்ணு இப்போ என்னோட சேர்ந்து ஆட்டம் நடத்துறாங்க. போன வாரம் கும்பகோணத்தில் அவங்கதான் கேம் மாஸ்டர். நான் கடைமடையில் உட்கார்ந்திருந்தேன். மூணாவது சுற்றில் வாய்க்கால் காலி. அவங்க என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "கடைமடை, நீங்க என்ன செய்யப் போறீங்க?"

மதகுக்குப் போறேன்னு சொன்னேன்.